வால் இல்லாத சுறா

ஊர்காவற்றுறைக் கரையில் மீனை ஏலம் கூறி விற்பவர் அவர். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் துறையைத் தாண்டிக் கேட்கும். எந்த மீனுக்கும் விலை கூறுவதற்கு முன் அதன் வாலை ஒருமுறை தொடுவார். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

பிள்ளை பெற்றிருந்த என் தங்கைக்குப் பால் சுரக்க வறை செய்துகொடுக்கவென்று சுறா வாங்கப் போயிருந்தேன். ஆழ்கடலுக்குப் போய்வந்த படகொன்றிலிருந்து பெரிய சுறாவை இறக்கினார்கள். வழக்கம்போலக் குனிந்தவரின் கை வெறும் சீமெந்தில் பட்டது. வாலை அடியோடு வெட்டியிருந்தார்கள்.

"தம்பி, வாலை எங்கை விட்டனீர்?"

படகுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். உடம்பளவுக்கு வால் நீண்ட சுறாவினம் அது; அடையாளம் தெரியக்கூடாதென்றுதான் வாலை வெட்டியிருந்தார்கள். அந்த இனம் இப்போது அருகிவிட்டது. அதைப் பிடிக்கவோ விற்கவோ சட்டம் விடாது. வலையில் பட்டால் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

"செத்துத்தான் அண்ணை ஏறினது. எறிஞ்சால் ஆருக்கு லாபம்?"

"இண்டைக்குச் செத்ததை நான் கூறினால், நாளைக்கு உயிரோடை ஏறுறதும் செத்துத்தான் கரைக்கு வரும். என்னாலை ஏலாது."

வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை பெத்த வீட்டுக்கு அண்ணை, ஒரு துண்டெண்டாலும்..."

"என்ரை மகளும் பிள்ளை பெத்து வீட்டிலைதான் இருக்கிறாள்."

சொல்லிவிட்டு, பக்கத்துக் கூடையில் கிடந்த விளைமீனின் வாலைத் தொட்டுக் கூறத் தொடங்கினார்.

அன்று முழுக்க யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சுறாவைக் கூறவும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.