ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் நான் சூப்பர்வைசர். குளத்துச் சேற்றில் கிடக்கும் சிப்பி காலைக் கிழிக்கிறது என்று, இறங்கி வேலை செய்யும் ஆறு பேருக்கும் நெஞ்சுவரை வரும் ரப்பர் உடை வாங்கச் சொன்னார் முதலாளி. பூட்ஸும் அதோடு ஒட்டியே இருக்கும்.

யாரிடமும் நான் கால் அளவு கேட்கவில்லை. பள்ளிக்கூட ஷூவையே இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, பஞ்சு அடைத்துப் போட்டு வளர்ந்தவன். பெரிதாக இருந்தால் தப்பில்லை என்று எல்லோருக்கும் ஒன்பதாம் நம்பர் வாங்கிவிட்டேன்.

செல்வி அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள காலு அங்கிட்டும் இங்கிட்டும் போகுது சார்" என்றார்.

"துணிய அடைச்சுக்கங்கக்கா, சரியாயிரும்." போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை நான்.

சற்று நேரத்தில் அவர் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. இழுத்தபோது கால் மட்டும் மேலே வந்தது, பூட்ஸ் வரவில்லை. தடுமாறி விழுந்தார். உடைக்குள் தண்ணீர் புகுந்து எழவிடாமல் அழுத்தியது. இரண்டு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். நான் கரையிலேயே நின்றேன்.

இருமி முடித்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். எனக்குக் காலு ரொம்பச் சின்னது."

மறுநாள் ஒவ்வொருவர் காலையும் செய்தித்தாளில் வைத்து அளவு வரைந்தேன்.

"நீங்க போயி குனியுறீங்களே சார், குடுங்க, நானே வரைஞ்சுக்கிறேன்" என்று பென்சிலுக்குக் கை நீட்டினார் செல்வி அக்கா. நான் கொடுக்கவில்லை.

இரண்டு வருடமாக என்னோடு வேலை செய்பவரின் பாதத்தை அன்றுதான் பார்த்தேன். எங்கும் சிப்பி கிழித்த தழும்பு. வரைந்து முடித்த பிறகும் என்னால் தலை நிமிர முடியவில்லை.