காத்மாண்டுவில் வளைந்து இறங்கிய விமானமும் எங்கள் வில்லியனூர்த் தேரும்

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தால் இரண்டு பேருமாக வந்து பார்க்கிறோம் என்று காத்மாண்டு பசுபதிநாதரிடம் வேண்டிக்கொண்டேன். கரும்பு வெட்டு முடிந்ததும் கிளம்பினோம். கிருமாம்பாக்கத்திலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். கார் வாடகை 4,200 ரூபாய், டோல் தனி. காலை ஐந்துக்கு ஏறி எட்டரைக்குச் சேர்ந்தோம்.

டெல்லி வரை அவர் நன்றாகத் தூங்கினார். அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போதுதான் வம்பு. பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர், "அங்க சுத்தி மலை சார். நேரா எறங்காது, வளைஞ்சி வளைஞ்சி தானா திரும்பும்" என்றார்.

என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிவிட்டார். "நீ கும்புட்டுட்டு வாடி. நான் ரயில புடிச்சி வூட்டுக்குப் போறேன்."

இரண்டு பேருமாக என்றல்லவா வேண்டுதல்! டிக்கெட் போடும் முன்பே இதையெல்லாம் படித்துவைத்திருந்தேன். சாதாரணமாக ஓடுபாதையிலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து விமானம் நேர்கோட்டில் இறங்கும். மலை மறிக்கும் இடத்தில் வளைந்த பாதையை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லச் சொல்ல, கொஞ்சம் விலகினாலும் விமானமே திருத்திக்கொள்ளும். விமானிகள் கண் எடுக்காமல் பார்த்திருந்து, கடைசியில் தங்கள் கையால் இறக்குவார்கள்.

இவர் வில்லியனூர்த் தேருக்கு வருஷாவருஷம் முட்டுக்கட்டை போடுகிறவர். தெருமுனையில் தேர் ஒரே இழுப்பில் திரும்பாது. உருளும் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் வளைக்கவேண்டும். "அதேதாங்க இதுவும். கட்டை போடறது கம்ப்யூட்டர்" என்றேன்.

"தேர் சாஞ்சா குதிச்சி ஓடலாம். இதுல எங்கடி குதிக்கறது?"

"மேல உக்காந்திருக்கற சாமி என்னிக்காவது குதிச்சுதா? கட்டை போடற உங்கள நம்பித்தான உக்காந்திருக்கு?"

பையோடு வரிசையில் என் பின்னால் வந்து நின்றார்.

இறங்கும்போது மலை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தது. என் மணிக்கட்டை நெரித்தவர், இறக்கையின் பின் ஓரத்தில் ஒரு தகடு லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்தினார். "த பாரு, கட்டை போடறான். இப்ப எடுத்துட்டான். நிதானமாத்தான் போடறான்."

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விமானத்தில் நேபாளம் போக ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பயப்படுகிறவரை இறக்கைக்குப் பின்வரிசை ஜன்னலில் உட்காரவையுங்கள்.

கோயிலில் எங்கள் இருவருக்கும் விளக்கேற்றினேன். இவர் தனியாக இன்னொன்று ஏற்றினார், கட்டை போட்டவனுக்காம்.

"அது கம்ப்யூட்டருங்க!"

"இருக்கட்டும்டி. அதுக்குச் சொல்லிக்குடுத்தவன் ஒருத்தன் இருப்பான் இல்ல?"