வாயில் வராத ‘போறேன்’

கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். என்னையும் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்வதாக இருந்தது. அதற்காகக் காரைக்காலில் நாத்தனார் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் என்னைப் பார்க்க வந்திருந்த அண்ணனுக்கு ஊரிலிருந்து சேதி வந்தது. எங்கள் குத்தகை வயலை மிராசுதார் ஆள் வைத்து அறுக்கிறாராம். “என்ன ஆனாலும் சாயங்காலம் வந்து சொல்லுங்க” என்றேன். அண்ணன் கோபத்தில் “போறேன்” என்று கிளம்பிவிட்டார். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை.

மத்தியானம் பாடம்.

“அண்ணி, இனிமே செய்யப்போறதைச் சொல்றது சுலபம். முன்னால ‘ஜெ வே’ போடுங்க. வினையை மாத்தவே வேணாம். ஜெ வே மான்ஜே, சாப்பிடப் போறேன்.”

“ஜெ வேன்னா?”

“போறேன்.”

“இன்னைக்கு அதை என் வாயால சொல்ல மாட்டேன்டி.”

“பிரான்சுல பட்டினி கிடப்பீங்களா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “சரி, உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க. இல் வா வெனீர். அவர் வரப் போறார்.”

அடுப்படியில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன்; வேறு யாரோ இறங்கினார்கள். அதற்கடுத்த பஸ்ஸில் அண்ணன் வந்தார். சட்டை கிழிந்திருந்தது.

“நெல்லை ஏத்திட்டுப் போயிட்டானுங்க” என்றார்.

இலையைப் போட்டேன்.