ஒதுங்க ஓரம் உள்ள பாதை

சைக்கிளில் நாட்டைக் குறுக்கே கடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, இருப்பதிலேயே சலிப்பான சாலையைத் தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். எந்தச் சாலை படம் பிடிக்கத் தோன்றும்படி இருக்கிறதோ அதில் லாரியும் ஓடும், வளைவும் இருக்கும், ஒதுங்க ஓரம் மட்டும் இருக்காது. அதனால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத வழியாகப் பார்த்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கல்யாணத்துக்கு பஸ் பிடித்து ஆள் சேர்த்தவர்கள், சொந்தபந்தங்களோடு கேமரன் மலைக்கு வேன் ஏற்பாடு செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்காரர் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை போன பிறகு, பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் பாதை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் நானே மோட்டார் சைக்கிளில் போய் வழியைப் பார்த்துவிட்டு வருவேன். அவர்கள் கிளம்பும்போது பின்னால் வேன் ஓட்டிக்கொண்டு போவேன். கிளம்பிய எல்லாரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால்தான் என் வேலை முடிந்தது. ஒருவர் விஷயத்தில் அது அப்படி முடியவில்லை. அவர் மாணிக்கம் அண்ணன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

படத்தில் இருந்த பாலம்

தாசேக் கெலுகோரைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் ஒரு குறுக்கு வழி உண்டு. கைப்பேசியில் பார்த்தால் அழகான வழி. நேரில் போனால் வாய்க்காலின் இந்தப் பக்கம் இரண்டு தூண், அந்தப் பக்கம் இரண்டு தூண், நடுவில் தண்ணீர். இதை ஒரு கம்ப்யூட்டர் பையனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். படித்தவன் தலையாட்டினால் கேட்டுவிட்டான் என்று அர்த்தமில்லை என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் கைப்பேசியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அந்த வழியாகவே போயிருக்கிறான். தோள்பட்டை எலும்பு முறிந்து, முகமெல்லாம் சேறு காய்ந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அவனுடைய அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வலியைக்கூட மறந்துவிட்டு நியாயம் கேட்டான்.

"மேப்புல பாலம் இருந்துச்சிக்கா, வேணும்னா இப்பவே காட்டுறேன்!"

முனியாண்டியின் வளைவு

பழைய சாலைகளில் வளைவோரமாகச் சின்னதாக ஒரு முனியாண்டி கோயில் இருந்தால் நான் உடனே மோட்டாரை மெதுவாக்கிவிடுவேன். சும்மா ஒரு இடத்தில் யாரும் முனியாண்டியைக் கொண்டுவந்து வைப்பதில்லை. அங்கே அடிபட்டு, செத்து, பயந்து, அப்புறம்தான் சூலம் நடுகிறார்கள். போக்குவரத்து இலாகாவின் பலகையைவிட அந்தச் சூலத்தை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் நம்முடைய ஆட்கள் என்ன செய்வார்கள்? சூலத்தைக் கண்டதும், எதிரே வருவது தெரியாத அந்த வளைவிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கற்பூரம் கொளுத்துவார்கள்.

ஒரு முறை மொத்தக் கூட்டமும் அப்படி இறங்கி நின்றது. வேனிலிருந்து கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. மாணிக்கம் அண்ணன் ஒருவர்தான் நிற்கவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூடத்துக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சைக்கிள் மணியை 'டிரிங்' என்று ஒரு தட்டு தட்டினார், ஒரு கையை நெஞ்சில் வைத்து எடுத்தார், போய்விட்டார். நான் போடுகிற பாதையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிற ஒரே மனிதர். மற்றவர்கள் விபூதி பூசி முடிப்பதற்குள் ஒரு மணல் லாரி அவர்களை உரசிக்கொண்டு போனது. வெளிறிப்போன முகத்தோடு வந்த ஒருவர் என்னிடமே கோபித்துக்கொண்டார்.

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவங்க, ஒங்களுக்கு எங்க சாமியப் பத்தி என்னக்கா தெரியும், இப்ப காப்பாத்துனது யாருன்னு நெனைக்கிறீங்க?"

யானை வருகிற இடம்

கிரிக்கிலிருந்து ஜெலி வரை போகும் மலைச்சாலையில் வீடு கிடையாது, கடை கிடையாது. மூடுபனியும் யானைச் சாணமும்தான். சாணம் காய்ந்திருந்தால் மேலே போகலாம். ஈரமாக இருந்தால் எல்லாரையும் சைக்கிளோடு வேனில் ஏற்றிவிடுவேன். இதில் என்னோடு யாரும் வாதாடக்கூடாது. ஆனாலும் வாதாடுவார்கள்.

ஒரு முறை பனியில் ஒரு கொம்பன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலை நடுவே நின்றது. வேனுக்குள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். நான் பிரேக்கை மிதித்தபடியே ரிவர்ஸ் கியரைத் தேடினேன். பின்சீட்டிலிருந்து ஒரு கைப்பேசி என் காதோரமாக மெதுவாக நீண்டது.

"அக்கா, லேசா ஒரு ஹார்ன் அடிங்க, மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பட்டும்!"

தனம் அக்காவின் ஒரே நிபந்தனை

பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாரு வரை, இந்தக் கடலில் தொடங்கி அந்தக் கடலில் முடிக்க வேண்டும் என்பது மாணிக்கம் அண்ணனின் நெடுநாள் ஆசை. ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். பாதையைக் காட்ட அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தனம் அக்கா காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். யானையைப் பற்றிக் கேட்பார், லாரியைப் பற்றிக் கேட்பார் என்று பதிலோடு போயிருந்தேன். அவர் கேட்டது முதல் நாள் வழியை மட்டும்தான்.

கோலக்கெட்டிலில் அண்ணனின் ஒரே தங்கை கமலா இருக்கிறார். அண்ணனுடைய மகள் கல்யாணத்தில் அத்தை சீர்த்தட்டை யார் முன்னால் தூக்கிக்கொண்டு வருவது என்பதில் ஆரம்பித்த சண்டை. மகளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது, சண்டை இன்னும் முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நானோ கூலிம் பக்கமாகச் சுற்றி, தோட்டச் சாலைகளிலேயே பாலிங் போய்ச் சேரும்படிதான் பாதை போட்டிருந்தேன். கோலக்கெட்டிலிலிருந்து பாலிங் போகிற சாலை குறுகல், மத்தியானத்துக்கு மேல் கல்லுடைக்கிற இடத்து லாரிகள் வரிசையாக வரும். அதைச் சொன்னதும் தனம் அக்காவுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. அண்ணன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யான இருந்தாலும் பரவால்ல ரோசு, அவ வீட்டு ஜாலான், அந்த ரோட்டுப் பக்கம் மட்டும் இவரோட சைக்கிள் திரும்பக்கூடாது."

மாங்காய் போட்ட மீன் குழம்பு

முதல் நாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டும். எல்லாருக்கும் முன்னால் போன மாணிக்கம் அண்ணன் இடப்புறம் திரும்பினார். நான் போட்ட பாதையிலிருந்து ஒரு சக்கர அகலம் விலகாத மனிதர் திரும்பினால் மற்றவர்கள் யோசிப்பார்களா? பின்னாலேயே போய்விட்டார்கள். ஹார்ன் அடித்துப் பார்த்தேன், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தேன். பக்கத்தில் போய்க் கண்ணாடியை இறக்கித் திட்டினேன். சிரித்தார். "தங்கச்சி போன் போட்டுச்சு ரோசு. சமைச்சி வெச்சிருக்காம். ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடியாந்துருவோம் லா. ஒங்கக்காகிட்ட மட்டும் சொல்லிராத."

ஒரு வாயா? வாழையிலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கமலா எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணனின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு சரியா என்று அவர் கேட்டார், சரி என்று இவர் சொன்னார். அதற்கே கமலாவுக்குக் கண் கலங்கியது. அங்கே உட்கார்ந்துகொண்டு நேரமாகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னேன். வானம் கறுத்துவிட்டிருந்தது. முதல் தூறல் விழும்போது அண்ணன் அவசரமாகக் கை கழுவினார். நாலு மணிக்கு பாலிங் ஹோட்டல் அறையிலிருந்து வீடியோ காலில் பேசுவதாக தனம் அக்காவிடம் சொல்லியிருந்தாராம். ஹோட்டல் சுவர் தெரியாவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். கமலா இரவுக்கு ஒரு பொட்டலம் சோறு தாப்பாவ் கட்டி, அதை அவர் கையில் கொடுக்காமல் சைக்கிள் கைப்பிடியில் தானே மாட்டினார்.

"மழ விடட்டும்ணே, இத்தன வருசம் கழிச்சி வந்துட்டு இப்பிடி ஓடுறியே!"

மழை

எல்லாரும் வேனில் ஏறுங்கள், சைக்கிள்களையும் ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் கயிறு எடுக்கப் போனேன். சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தபோது அவருடையதைக் காணோம். நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், மெதுவாக முன்னால் போகிறேன், வழியில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மழை வலுத்துவிட்டது. வேனின் துடைப்பான் போதவில்லை. நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

லாரி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் நான்கு விளக்கும் விட்டு விட்டு எரிந்தன. சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த ஒரு முழப் புல்லில் அண்ணன் கிடந்தார். மேலே யாரோ மழைச்சட்டை போட்டிருந்தார்கள். சோற்றுப் பொட்டலம் கைப்பிடியில் அப்படியே தொங்கியது. அவர் பையில் போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வேறு வழியில்லை, எடுத்தேன். விபத்து என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டார் தனம் அக்கா. என் வாயால் அந்த ஊர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. லாரிக்காரர், என் தம்பி வயதிருக்கும், சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யாரிடமும் இல்லாமல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஹார்ன் அடிச்சேன், அவரும் திரும்பிப் பாத்தாரு, ஒதுங்கறதுக்கு அங்க ஓரமே இல்ல."

வாசலில் போட்ட கூடாரம்

அவரை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினேன். இறக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள். கமலா வந்திருந்தார். கூடாரத்தின் கடைசி வரிசையில், அக்கம்பக்கத்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், அண்ணன் முகம் தெரியாத தூரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். உள்ளே கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை. எழுந்து போய்விடவும் அவர் தயாராக இல்லை.

எல்லாம் முடிந்து, பந்தலில் ஆள் குறைந்த பிறகு தனம் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் போனேன். கதவைச் சாத்திவிட்டு, "அவ என்ன கொழம்பு வெச்சிருந்தா?" என்று கேட்டார். மீன் குழம்பு, மாங்காய் போட்டு, என்றேன். மாங்காயைச் சாப்பிட்டாரா என்றார். கொட்டை வரைக்கும் சப்பினார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்தான், அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. தனம் அக்கா அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நான் போட்டா புளிக்குதுன்னு ஒதுக்கி வெப்பாரு ரோசு, இத்தன வருசமா ஒதுக்கித்தான் வெச்சாரு."

இப்போதும் பாதை போட்டுத்தான் கொடுக்கிறேன், ஆனால் வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது பிரேக் எப்படி, மூச்சு எப்படி என்றல்ல, போகிற வழியில் யார் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறீர்கள் என்பதைத்தான்.