அலுமாரியில் வைத்த செருப்பு

ஆசுபத்திரியில் எனக்கு முதலில் கிடைத்தது கூட்டுகிற வேலை. ஒரு கொம்பனியின் கீழ் ஒப்பந்தம். சீனி வருத்தக் கிளினிக், நீரிழிவுக்காரர் வருகிற இடம், என் பகுதி. அங்கே காலில் புண்ணோடு வருகிறவர்கள்தான் அதிகம். விரல் எடுத்தவர்கள், பாதம் எடுத்தவர்கள். காயத்தில் கட்டியிருந்த துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு போய் எரிக்கிற இடத்தில் கொடுப்பேன்.

அந்தக் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். என்னைவிடச் சின்னவர். மற்ற டொக்டர்மார் பின்னேரம் வெளியே போய்த் தனியாக நோயாளர் பார்ப்பார்கள். இவர் போகமாட்டார். கிளினிக்கிலேயே இருந்து விண்ணப்பம் எழுதுவார். ஆராய்ச்சி செய்யக் காசு கேட்கிற விண்ணப்பம். ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடத்துக்கு அனுப்புவார். எத்தனை அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் கதிரைகளைத் தள்ளிவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தபோது தனியாகச் சிரித்தார். வெளிநாட்டில் ஒரு இடத்தில் காசு தர ஓம் சொல்லிவிட்டார்கள்.

ஆராய்ச்சி இதுதான். சீனி வருத்தம் முற்றினால் காலில் உணர்ச்சி குறையும். சிப்பி வெட்டினாலும் தெரியாது, மீன்முள் ஏறினாலும் தெரியாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆபத்து. அதனால் மீனவர்களில் பாதிப் பேருக்கு மெத்தென்ற அடி வைத்த ஒரு செருப்புக் கொடுப்பது. மற்றப் பாதிப் பேர் தங்கள் வழமைப்படி இருப்பது. ஒரு வருடம் கழித்து யாருக்குப் புண் குறைவு என்று பார்ப்பது.

ஆட்களைத் தேடியபோதுதான் பிரச்சினை வந்தது. ஃபைலில் உள்ள விலாசத்தில் பாதி பிழை. டொக்டர் ஒரு பெயரை வாசித்துத் தாதியிடம் கேட்டார். தாதிக்குத் தெரியவில்லை. நான் வாளியோடு நின்றேன்.

“அவர் இப்ப அங்கை இல்லை டொக்டர். மூத்த மகளோட அன்புவழிபுரத்தில இருக்கிறார்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?”

“காயம் கழுவ வரேக்க கதைக்கிறவை.”

இன்னும் ஐந்தாறு பெயர் வாசித்தார். எல்லாருக்கும் இடம் சொன்னேன். அடுத்த மாதம் என்னை ஆராய்ச்சிக்கு எடுத்தார். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிற வேலை. எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. இடம்பெயர்ந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் எழுத்து வடிவாக இருக்கும்.

“இது முதல் கட்டம்தான் அக்கா” என்றார் டொக்டர். “ரெண்டாம் கட்டத்துக்கும் காசு வந்தா மூண்டு வருச வேலை. உங்களைத்தான் வெளி வேலைக்குப் பொறுப்பாப் போடுவன்.”

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. வாளி தூக்காத வேலை எனக்கு அதுதான் முதல். அது மூன்று வருடம் நிலைக்கும் என்றால் மற்றது எல்லாவற்றையும் பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

என் வீடு இருக்கிற பாலையூற்றில் பஸ் எடுத்து ஒருநாள் சாம்பல்தீவு, ஒருநாள் கிண்ணியா. தாளில் ஏழாவது கேள்வி, செருப்பைத் தினமும் போடுகிறாரா என்பது. ஓம், இல்லை என்று இரண்டு கட்டம்.

கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார்; நான் காக்கா என்று கூப்பிடுவேன். பெருவிரல் எடுத்தவர்.

“காக்கா, செருப்பு போடுறீங்களா?”

“போடாம? டொக்டர் தந்த சாமான் மகள்.”

குசினிக்குள் இருந்து அவர் மனைவி சத்தம் போட்டார். “போடுறார், போடுறார். போன பெருநாளைக்குப் போட்டவர். வாற பெருநாளைக்கும் போடுவார்.”

“நீ உன்ட சட்டியப் பாரு.”

“சட்டிக்குக் கால் இல்ல. இருந்தா அதுக்கும் ஒரு செருப்பு கேட்டிருப்பன்.”

காக்கா என்னைப் பார்த்தார். “நீ ஓம் எண்டு எழுது மகள்.”

ஓம் என்று எழுதினேன்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். எனக்குத் தெரியும். என் அப்பாவும் கடலுக்குப் போனவர். செருப்புக் காலோடு யாரும் வள்ளத்தில் ஏறமாட்டார்கள். கிட்டப் போகும் முன்பே கழற்றிவிடுவார்கள். தமிழ் ஆட்களும் அப்படித்தான், முஸ்லிம் ஆட்களும் அப்படித்தான். சோறு தருகிற இடத்தை மிதிக்கிற மாதிரி அது. கரைவலை இழுக்கும்போதும் வெறுங்கால்தான். சிப்பி வெட்டுவதும் முள் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். வீட்டுக்கு வந்த பிறகு பழைய ரப்பர் செருப்பு. டொக்டர் கொடுத்தது நல்ல செருப்பு. நல்ல சாமானை நல்லது கெட்டதுக்கு எடுத்து வைப்பார்கள்.

தெரிந்துகொண்டுதான் எழுதினேன். ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, ஓம் என்கிறார். நான் அவர் முன்னால் இல்லை என்று எழுதினால் அவரைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. அதை என்னால் செய்ய ஏலாது. ஏழாவது கேள்விதானே, ஒரு கோடுதானே என்றும் நினைத்தேன்.

வருடம் முடிந்தது. டொக்டர் கணக்குப் பார்த்தார். செருப்பு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் புண் ஒரே அளவு. தினமும் போட்டும் புண் வந்திருக்கிறது என்றால் செருப்பு உதவாத செருப்பு. டொக்டர் இரண்டு நாள் விண்ணப்பம் ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் கிழமையில் காசு தந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பார்க்க வந்தார். இரண்டாம் கட்டம் கொடுப்பதா இல்லையா என்று அவர்தான் எழுத வேண்டும். டொக்டரும் நானும் அவரைச் சாம்பல்தீவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டுக்காரர் கரைவலைக்காரர். நல்ல மனிதர். வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நின்றார்.

“செருப்பு எப்பிடி எண்டு கேட்கிறா” என்றார் டொக்டர்.

“அருமையான செருப்பு. ஒரு குறையும் சொல்லேலாது.”

“பார்க்கலாமா எண்டு கேட்கிறா.”

அவர் உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைத் தந்த அன்று இருந்த பையோடு கொண்டுவந்தார். பைக்குள், உடுப்புக்கு வைக்கிற இரண்டு பூச்சி உருண்டை.

“பாருங்கோ” என்று செருப்பைத் திருப்பி அடியைக் காட்டினார். “ஒரு மண் இல்லை. வாங்கின மாதிரியே வச்சிருக்கிறன். வேற ஆருக்குக் குடுத்தாலும் இப்பிடி வச்சிருக்கமாட்டினம்.”

அவர் மனைவி சொன்னார், “மகளின்ர கலியாணத்துக்குப் போட்டவர். பிறகு நான்தான் துடைச்சு வச்சனான்.”

டொக்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண்மணிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. செருப்பின் அடியைப் பார்த்தார். பிறகு என் கையில், ஓம் என்று கோடு போட்டிருந்த தாளைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வாகனத்தில் டொக்டர் என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எல்லாரும் இப்பிடியா?”

“கிட்டத்தட்ட.”

“பிறகேன் ஓம் எண்டு எழுதினீங்கள்?”

“அவை ஓம் எண்டவை.”

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஒரு வருட உழைப்பு. என் பிழை. நானே சொன்னேன், “திரும்ப எல்லா வீட்டுக்கும் போறன். உள்ளதை எழுதிக்கொண்டு வாறன்.”

போனேன். இந்தத் தடவை கேட்கவில்லை. செருப்பைக் கொண்டுவரச் சொல்லி அடியைப் பார்த்தேன். ஏன் போடவில்லை என்று மெல்லக் கதை கொடுத்தேன். வெட்கப்படுத்தாமல் கேட்டால் சொல்வார்கள். நல்ல சாமான், பாவிக்க மனம் வரவில்லை என்றார்கள்; வள்ளத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. கிண்ணியாக் காக்கா மட்டும் கடைசிவரை விடவில்லை. “போடுறன் மகள். மண் ஒட்டாம நடக்கிறன்” என்றார். இரண்டு பேரின் செருப்புத்தான் தேய்ந்திருந்தது. ஒருவர் கடலை விட்டுப் பெட்டிக்கடை வைத்தவர். மற்றவரின் செருப்பை மனைவி போட்டுத் தேய்த்திருந்தார்.

எல்லாவற்றையும் எழுதி டொக்டரின் மேசையில் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“இதை அனுப்பினா எங்கட தாள் எல்லாம் பிழை எண்டு தெரியும். ரெண்டாம் கட்டம் வராது அக்கா.”

“அனுப்பாட்டி?”

“செருப்பு உதவாது எண்டு முடியும். ஆனா ஒழுங்காச் செய்த ஆராய்ச்சி எண்டு அடுத்த காசு கேட்கலாம். எனக்கு வெளிநாட்டில படிக்கிற இடமும் அதை வச்சுத்தான் கேட்டிருக்கிறன். உங்களுக்கும்...” நிறுத்திவிட்டார்.

“அந்த அம்மா பார்த்திட்டுப் போனவதானே.”

“ஒரு வீடுதான் பார்த்தவ.”

நல்ல செருப்பை உதவாது என்று எழுதினால் பிறகு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். விரல் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நான் வாளியில் சுமந்த துணி எனக்குத் தெரியும்.

“அனுப்புங்கோ” என்றேன்.

அனுப்பினார். காசு நின்றது. நான் திரும்பக் கூட்டுகிற வேலைக்குப் போனேன். கொம்பனிக்காரன் சிரித்தான். “என்ன அக்கா, ஆராய்ச்சி முடிஞ்சுதா? நோபல் பரிசு எங்கை?” நான் வாளியை எடுத்தேன்.

ஏழெட்டு மாதம் போனது. ஒருநாள் டொக்டர் ஓடிவந்தார். அந்த வெளிநாட்டுக்காரர் நாங்கள் அனுப்பியதை மதித்திருக்கிறார்கள். புதுக் காசு தருகிறார்கள். செருப்புக்கு அல்ல. மீனவர்கள் ஏன் செருப்புப் போடுவதில்லை என்று ஆராய. மூன்று வருடம்.

அன்றிரவு வீட்டில் முதல் தடவையாகச் சொன்னேன். வேலை வரப்போகுது என்று.

அடுத்த மாதம் விளம்பரம் ஒட்டினார்கள். கிளினிக்குக்கு வெளியே, நான் துடைக்கிற பலகையில். செய்யவேண்டிய வேலை மேலே இருந்தது. வீடுகளைக் கண்டுபிடித்தல். மீனவர்களின் நம்பிக்கையைப் பெறுதல். உண்மையான பதிலை அறிதல். கீழே தகைமை. பட்டம். ஆங்கிலம். கம்பியூட்டர். முப்பத்தைந்து வயதுக்குக் குறைவு. என் வேலையை எழுதி, கீழே நான் வரக்கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

ஆனாலும் விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பம் வாங்குகிற கந்தோரில் இருந்தவர் என் பள்ளிக்கூடம் விட்ட கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது பட்டதாரிமாருக்கு அக்கா.”

“வேலை தெரிஞ்சாக்களுக்கு இல்லையா?”

“அதுக்குக் கட்டம் இல்லை” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே தாளைத் திருப்பித் தேடிப் பார்த்தார்.

டொக்டரிடம் போனேன். அவர் கண் சிவந்திருந்தது.

“கதைச்சனான் அக்கா. மூண்டு தரம் கதைச்சனான். காசு பல்கலைக்கழகத்துக்கு ஊடாத்தான் வருது. அவையின்ர சட்டம். சாதாரண தரச் சோதனை பாஸ் பண்ணியிருந்தாலும் ஏதும் செய்திருப்பன்.”

“எட்டாம் வகுப்புக்கு என்ன வேலை போட்டிருக்கினம்?”

பதில் எனக்கே தெரியும். அலுவலகம் கூட்டுகிற வேலை.

“எனக்கும் இதில ஒரு லாபமும் இல்லை அக்கா” என்றார் பிறகு. “ஆராய்ச்சி செய்த டொக்டருக்கும் செய்யாத டொக்டருக்கும் ஒரே பதவி உயர்வுதான். வெளிநாட்டுப் படிப்புக்கு வயசெல்லை இந்த வருசத்தோட முடியுது.”

அது உண்மைதான். ஆனால் அன்று எனக்கு அவருக்காக வருந்த முடியவில்லை. வெளியே வந்து பலகையைத் துடைக்காமல் விட்டேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம். பாலையூற்றில் என் வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். வேறு ஊர்ப் பட்டதாரி. அந்த வேலைக்கு எடுபட்டவள். மரியாதையான பிள்ளை.

“அக்கா, மீன்பிடி ஆக்களைப் பற்றி உங்களிட்டக் கேட்டாத்தான் தெரியும் எண்டு டொக்டர் சொன்னவ. ஒரு மணித்தியாலம் கதைக்கலாமா?”

கதிரை எடுத்துப் போட்டேன். ஃபைலிலிருந்து தாள் எடுத்து வாசித்தாள். இது ஆராய்ச்சி. பங்குபற்றுவது உங்கள் விருப்பம். காரணம் சொல்லாமல் எந்த நேரமும் விலகலாம். நானும் ஒவ்வொரு வீட்டிலும் வாசித்த தாள்தான். ஒருவரும் விலகியதில்லை. கையெழுத்து வைத்தேன்.

கேட்டாள். சொன்னேன். கரைவலை நேரம் எது, வீட்டில் யாரிடம் முதலில் கதைக்க வேண்டும், செருப்பை எங்கே வைப்பார்கள். அவள் வேகமாக எழுதினாள்.

“வள்ளத்தில ஏறேக்கயும் போடமாட்டினமா? கடல் தண்ணிக்காகவா?”

“இல்லை. வள்ளத்துக்கு மரியாதை.”

எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. “அக்கா, இது பெரிய விசயம். இதைத்தான் ஒருத்தரும் சொல்லேல்ல. கட்டுரையில முதலாவதா வரும்.”

“ஆற்ற பேரில?”

“டொக்டரின்ர பேர். பல்கலைக்கழகத்து ஆக்களின்ர பேர். பிறகு என்ர பேரும் போடுவினம் எண்டு நினைக்கிறன்.” கொஞ்சம் வெட்கப்பட்டாள். “அது இருந்தாத்தான் எனக்கு மேல படிக்கலாம்.”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“நான் விலகிறன்” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. “என்னக்கா?”

“இதில இருந்து விலகிறன்.”

“ஐயோ, நான் ஏதும் பிழையாக் கேட்டனானா?”

“இல்லைப் பிள்ளை. வடிவாத்தான் கேட்டனீங்கள்.”

“அப்ப ஏன்?”

“காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு இப்பதானே வாசிச்சனீங்கள்.”

பேனையைப் பிடித்தபடி இருந்தாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரும் அவளிடம் விலகியிருக்கமாட்டார்கள். நான் தாளை என் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“விலகல் எண்ட இந்தக் கட்டத்தில கோடு போடுங்கோ. விலகினவரின்ர பதில் எடுக்கேலாது. எழுதினதைக் குறுக்க வெட்டிப்போட்டுப் பக்கத்தில உங்கட கையெழுத்து வையுங்கோ.”

ஒவ்வொரு வரியாக வெட்டினாள். வள்ளத்து வரிக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அதையும் வெட்டினாள்.

“திகதி போடுங்கோ” என்றேன். “திகதி இல்லாட்டித் திருப்பி அனுப்புவினம்.”