பதினோராம் பக்கத்தில் வெட்டவேண்டிய சொல்

இந்த நினைவு மலர் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அன்றே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது. அன்று மண்டபத்தில் சாப்பிட்டு எழும்பும்போது "புத்தகம் எங்க பிள்ளை?" என்று கேட்காதவர்கள் குறைவு. அச்சகக்காரர் பிந்திவிட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். பாவம் அந்த மனிதர், முதல் கிழமையே தயாராக இருந்தவர். வம்சாவழிப் பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் நிரம்பாமல் கிடந்தது. அதில் எழுதவேண்டியது எனக்குத் தெரியும். எழுதத்தான் தைரியம் வரவில்லை. இன்று அப்பாவின் ஆண்டுத் திவசம். இனியும் ஒளித்து வைக்க முடியாது.

எங்கள் அப்பா பருத்தித்துறையில், கடற்கரைக்குக் கிட்டிய ஒழுங்கை ஒன்றில், இரண்டாவது மகனாகப் பிறந்தவர். மூத்தவர் எங்கள் பெரியப்பா. இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். ஒரு சைக்கிளில் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியப்பா மிதிக்க, அப்பா பாரில் இருந்து வீட்டுக்கணக்குச் செய்வாராம். பெரியப்பாவுக்குப் படிப்பு ஓடவில்லை. கப்பலுக்குப் போனார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞரானார்.

துறைமுகம் துறைமுகமாகப் பெரியப்பாவின் கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதத்தில் அவுஸ்திரேலிய முத்திரை. "இங்கே இறங்கிவிட்டேன். வேலை கிடைத்திருக்கிறது. விலாசத்தைப் பிறகு எழுதுகிறேன்." அந்த விலாசம் வந்ததோ இல்லையோ, வாங்குவதற்கு அந்த வீட்டில் எவரும் இருக்கவில்லை. சண்டையால் நாங்கள் நான்கு இடம் இடம்பெயர்ந்தோம். வீட்டுக்குக் கூரையும் இல்லை, படலையும் இல்லை. பெரியப்பா எழுதியிருந்தால் அந்தக் கடிதங்கள் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அப்பா தனியாகக் கனடா வந்து, பிறகு எங்களைக் கூப்பிட்டார். ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பதினாறு வருடம், பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. பனி கொட்டினாலும் பஸ் வராவிட்டாலும் ஒரு நாள் பிந்தியவரல்லர். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பாட்மென்ட் கட்டிடத்துக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் அப்பாதான். இதை வாசிக்கும் பலருக்கும் நிரப்பியிருப்பார். அப்பா எழுதிய படிவம் ஒருநாளும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. அவர் கோபக்காரர் என்பதும் உங்களுக்குத் தெரியும். நல்லதை மட்டும் எழுதினால் அது அப்பா இல்லை, வேறு யாரோ.

அவர் பிழையாக நிரப்பியது ஒரே ஒரு சொல். அதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் தேநீரோடு நின்றேன்.

அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பனார், கடைசிக் காலத்தில் எங்களோடு இங்கேதான் இருந்தார். "பெரியவன்ர பாடு என்ன மாதிரி?" என்று கிழமைக்கு ஒரு தரமாவது கேட்பார். அப்பா எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார். அப்பப்பா காலமான அன்று மரண அறிவித்தல் கொடுக்கவேண்டியிருந்தது. எங்கள் அறிவித்தல்களின் முறை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் நாடும் வரவேண்டும். அறிவித்தல் எழுதுபவர் போனில் கேட்டார்.

"அண்ணை, மூத்த மகன்ர பேர் கிடக்கு. நாடு எது?"

அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அவுஸ்திரேலியா என்று போட்டால் சனம் சும்மா இருக்குமா? வரவில்லையோ, கோல் எடுத்தவரோ, உங்களுக்குள் என்ன பிரச்சினை என்று ஆளுக்கொரு கேள்வி வரும்.

"அண்ணை, லைனில நிக்கிறியளோ? காலஞ்சென்ற எண்டு போடுவமோ?"

"ஓம். அப்பிடியே போடுங்கோ."

அம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தார். "ஐயோ, என்னப்பா இது? அந்த மனுசன் எங்கையாவது உயிரோட இருந்தா?"

"இருந்தா ஒரு கடிதம் போட்டிருப்பான். தகப்பன் செத்ததுக்கும் இல்லாதவன் இருந்தென்ன, செத்தென்ன?"

கோபத்தில் சொன்னார். ஆனால் கோபம் ஆறினபிறகும் திருத்தவில்லை. தகப்பனுக்கு மூத்த மகன்தானே கொள்ளி வைக்கவேண்டும். ஐயர் "மூத்தவர் ஆர்?" என்று கேட்டபோது அப்பா "நான்தான்" என்று முன்னுக்குப் போனார். அறிவித்தல் பத்திரிகையில் வந்தது, இணையத்தில் வந்தது, அடியில் தொடர்புக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் வந்தது. முப்பத்தோராம் நாள் கொடுத்த நினைவு மலரில், பதினோராம் பக்கத்து வம்சாவழியிலும் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் அதே சொல்.

பல வருடங்களுக்குப் பிறகு, அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஓர் ஆடி அமாவாசைக்கு, அவரை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பேவியூ வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கிறோம். அப்பா அழுதுகொண்டிருந்தார். நான் அவர் அழுது பார்த்ததில்லை.

"ஐயர் இன்னும் ஆருக்கு எண்டு கேட்டவர் பிள்ளை. எனக்கு வாய் வரேல்லை. இருக்கிறானோ செத்தானோ எண்டு தெரியாமல் எப்பிடி எள்ளும் தண்ணியும் இறைக்கிறது?" சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் போடுங்கோ எண்டு சொன்ன அண்டைக்கு அவன் உயிரோட இருந்தவனோ எண்டு எனக்குத் தெரியவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அப்படித்தான் அந்தத் தேடல் தொடங்கியது. ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதினார். "இறந்த நாள்" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு போட்டு விட்டார். நூலகத்துக் கணினியில் அவுஸ்திரேலியாவின் பழைய பதிவுகளைத் திறக்கப் பழகினார். கப்பல் பணியாளர் பட்டியல், குடியுரிமைப் பதிவு, கல்லறைப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியப்பாவின் பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வெள்ளைக்காரனின் பதிவில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர்; அவர் அப்பப்பாவின் பெயரில் அல்லவா இருந்தார். கனடாவில் எங்களையும் அப்பப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அது எங்கள் மண்டைக்கு ஏற இரண்டு வருடம் சென்றது.

ஏறியபிறகு, மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு துறைமுக ஊர் அகப்பட்டது. அந்த ஊரில் குடும்ப வரலாறு தேடுபவர்களின் சிறிய சங்கம் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மின்னஞ்சலில் பதில் எழுதினார். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கொள்ளலாமாம். அந்த அம்மையார் நூலகத்தில் பழைய பட்டியல்களை ஆண்டு ஆண்டாகப் பார்த்து எங்களுக்கு எழுதத் தொடங்கினார்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெயர் கிடைத்தால் துள்ளிக் குதிப்பார்கள். எங்கள் அப்பா மட்டும் பெயர் கிடைக்கக்கூடாது என்று கும்பிட்டார். ஒவ்வொரு மின்னஞ்சலும் "இந்த ஆண்டும் இருக்கிறார்" என்று வர, கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டு அன்று சாப்பிடமாட்டார்.

"செத்தவரைத் தேடுறதிலும் பாக்க, இருக்கிற என்னோட ஒருக்காக் கதையுங்கோவன்" என்று அம்மா ஏசுவார். நானும் சிரித்திருக்கிறேன். அந்த ஆசிரியைக்குப் பதில் எழுதித் தரச் சொல்லி அப்பா கேட்டால், "நாளைக்கு அப்பா" என்று கிழமைக்கணக்கில் இழுத்திருக்கிறேன். அந்த நாளைக்குகளை எல்லாம் இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

இதற்கிடையில் அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அந்தக் கதிரையில் குழாயோடு இருந்தபடி கொப்பியைப் புரட்டுவார். அப்பப்பா இறப்பதற்கு முந்திய வருடம் வரைக்கும் பட்டியலில் பெரியப்பாவின் பெயர் இருந்தது. மிச்சம் ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடத்துக்குள் தன் கூடப்பிறந்தவர் செத்திருக்கவேண்டும் என்று அப்பா நேர்த்தி வைத்தார். கடவுளே, என்ன நேர்த்தி அது!

கடைசியாக அப்பாவை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்ட கிழமை, அந்த மின்னஞ்சல் வந்தது. வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து திறந்தேன். மூன்று படங்கள்.

முதலாவது கல்லறைப் பதிவேட்டின் ஒரு பக்கம். பெரியப்பா, அப்பப்பாவுக்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்திருக்கிறார்.

இரண்டாவது, அவர் கடைசியாக இருந்த முதியோர் விடுதியின் படிவம். உறவினர் என்ற இடத்தில் "ஒருவரும் இல்லை" என்று இருந்தது. அவரே சொல்லி எழுதியது என்று ஆசிரியை குறிப்பிட்டிருந்தார்.

மூன்றாவது ஒரு காகிதம். "அவருடைய சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பாராம். விடுதியில் எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. உங்கள் மொழியோ?" என்று கேட்டிருந்தார். எங்கள் மொழிதான். அப்பப்பாவின் மரண அறிவித்தல். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, ஒட்டப்பட்டிருந்தது. "காலஞ்சென்ற" என்ற சொல்லுக்கும் அதற்குப் பக்கத்தில் தன் பெயருக்கும் கீழே நீலப் பேனையால் கோடு. அடியில் எங்கள் வீட்டு எண். அந்த எண்ணை நாங்கள் இன்றும் மாற்றவில்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருடம் இருந்திருக்கிறார். அந்த நாட்களில் ஒன்றும் பேசாமல் வைத்துவிடும் கோல்கள் வீட்டுக்கு வந்தன என்று அம்மா சொல்கிறார். நான் அதை நம்பமாட்டேன். நம்பினால் எனக்கு இருப்பில்லை.

மேலே போனேன். அப்பா கண்ணைத் திறந்தார்.

"வந்ததோ?"

"ஓம் அப்பா."

"எப்ப?"

"அப்பப்பாவுக்கு முதலே. எட்டு மாதம் முதல்."

"எழுதிக் கிடக்கோ?"

"எழுதிக் கிடக்கு."

"காட்டு பாப்பம்."

"போனில சார்ஜ் இல்லை அப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த கொப்பியைக் கையால் தள்ளினார்.

"சரி. அப்பிடியே போடு."

அவர் பார்த்திருக்க, அந்தக் கோட்டில் ஒரு பொய்த் திகதியை எழுதினேன். நான்கு நாள் கழித்து அப்பா கண்ணை மூடினார். அதற்கிடையில் மூன்று தரம் பேரப்பிள்ளைகளைக் கேட்டார். பெரியப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அவர் நிம்மதியாகப் போனார் என்று நினைத்து என்னை ஆற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "கொப்பருக்குத் தெரியாதெண்டே நினைச்சனி? பொய் சொல்லேக்க நீ மூக்கைத் தொடுவாய். சின்னனில இருந்து அவர்தான் பிடிக்கிறவர்" என்றார். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

யூனியன்வில்லில் இருக்கும் தம்பி இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, "அக்கா, இதைப் புத்தகத்தில போட்டா சனம் என்ன கதைக்கும்? அப்பாவைப் பற்றி நல்லா எழுதன்" என்றான். நல்லாத்தான் எழுதியிருக்கிறேன். தான் செய்த பிழையைத் தானே பதிவு பதிவாகத் தேடிப்போன மனிதர் எங்கள் அப்பா. நோயோடும் தேடினார். நாங்கள் அவருக்கு ஒத்தாசையாக இருக்கவில்லை. தம்பியும் பிறகு மனம் மாறி, இந்த ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லி எள்ளுத்தண்ணீர் இறைத்தான்.

அப்பாவைப் பராமரித்த தாதிமாருக்கும், சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த அயலவர்களுக்கும், செத்தவீட்டில் எங்களோடு தோளோடு தோள் நின்ற உறவுகளுக்கும், இந்த மலருக்காக ஒரு வருடம் பொறுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. பெரியப்பாவின் கல்லறையைத் தேடிப்போய்ப் பூ வைத்துவிட்டு வந்த அந்த ஆசிரியைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவருக்கும் இதை வாசிக்கத் தெரியாது.

உங்கள் எல்லோரிடமும் ஓர் உதவி கேட்கிறேன். வீட்டு அலுமாரியில் அப்பப்பாவின் நினைவு மலர் இருந்தால் வெளியே எடுங்கள். பதினோராம் பக்கத்தில் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பேனையால் வெட்டிவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அவுஸ்திரேலியா என்று எழுதுங்கள். இப்போது அவர் இல்லை; ஆனால் அன்றைக்கு இருந்தார்.

இந்த மலரின் வம்சாவழியில் அவருடைய பெட்டியை நிரப்பியிருக்கிறேன். பதிவேட்டில் உள்ள திகதிதான். அப்பா, அப்பிடியே போடு என்றீர்கள். என்னை மன்னியுங்கள். நான் அப்படிப் போடவில்லை.

மூத்த மகள்