ஈரம் என்று மட்டும் சொன்னவர்

"ஜும்ஆ தொழுகைக்குள்ள வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போன வெள்ளிக்கிழமை காலையில் ஜமால் சாச்சா ஸ்ரீரங்கத்துக்குப் போனார். பாங்கு சொல்வதற்கு முன்பே அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து அத்தாவிடம் சொன்னார்: "வக்கீல் வீட்டுக் காரு தானா பாஞ்சிருச்சுங்க. பாய் முன்னாடி நின்னுட்டிருந்தாரு. பின்னால சுவரு." அத்தா தன் தம்பியான சாச்சாவின் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஏன் சட்டையை எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

மன்னார்புரத்தில் சாச்சாவிடம் கார் ரிப்பேருக்கு வந்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு வக்கீல் வீட்டு அமெரிக்கக் காரையும் தெரிந்திருக்கும். அதற்குக் கியர் கம்பி கிடையாது. ஸ்டியரிங்கின் நடுவில் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் அடியில் ஒரு சின்ன மோட்டார் ஓடிக் கியரை மாற்றும். கொஞ்ச நாளாக யாரும் தொடாமலே மாறிக்கொண்டிருந்தது.

சாச்சா முதல்முறை பார்க்கப் போனபோது, வக்கீலின் மனைவி மாமிக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க நானும் கூடப் போனேன். பட்டன் மூடியைக் கழற்றி, பல்பு கட்டிய ஒயரை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்தார். எதையும் அழுத்தாமலே பல்பு மங்கலாக எரிந்தது; கரண்டு எங்கோ கசிந்துகொண்டிருந்தது. உள்ளே விட்டு எடுத்த விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது. வெள்ளிதோறும் மாமி ஸ்டியரிங் நடுவில் சந்தனம் குழைத்து அப்பிக் குங்குமம் வைப்பார்.

"என்ன பாய், வியாதி தெரிஞ்சுதா?"

"ஈரம் இறங்குதும்மா. தொடச்சுட்டேன். இனிமே படாம பாத்துக்குங்க."

"நன்னாருக்கு! ஊரே காயறது, எங்காத்துக் காருக்கு மட்டும் ஈரமா?"

சாச்சாவும் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "சந்தனம்னு ஏன் சொல்லல சாச்சா?"

"பாய் ஒருத்தன் சாமி சந்தனத்தைக் குத்தம் சொல்றான்னு ஆயிடும்மா. புரிஞ்சுக்குவாங்க." பிறகு, எப்போதும் சொல்வதையே சொன்னார்: "கரண்டு யாரையும் கேக்காது. வழி கிடைச்சா போயிடும்."

வக்கீல் வீட்டார் ஈரம் படாமலிருக்கக் கார் ஷெட்டுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை சந்தனமும் வைத்தார்கள். கார் மறுபடி தொந்தரவு செய்ததும் சாச்சாவைக் கூப்பிட்டார்கள். இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கியர் தானாக மாறியது.

துக்கம் கேட்க மாமி வந்தார். "ஈரம்னார். தார்ப்பாயெல்லாம் கட்டினோமே" என்று அழுதார். பெரியவர்கள் நடுவில் நான் பேசியதே இல்லை. ஆனால் நாளைக்கு அந்தக் காருக்கு முன்னால் வேறொருவர் நிற்பார்.

"சந்தனம், மாமி. உள்ளே இறங்கினது சந்தனம்" என்றேன்.

மாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பல்பு கட்டிய அந்த ஒயர் என்னிடம் இருக்கிறது. சாச்சாவின் இதமான பேச்சும் எனக்கு வந்திருக்கிறது என்பார்கள். அந்த இதத்தை இனிப் பயந்துதான் வைத்திருப்பேன்.